அடுப்புக்குள் வைத்த பொட்டு

எங்கள் அடுக்குமாடி புளோக்கின் லிஃப்டுக்கு நன்றி சொன்ன ஒரே ஜீவன் மூலை வீட்டு அக்காதான். கதவு திறந்ததும் வெளியே வருவார். வந்த வேகத்தில் போய்விடாமல் திரும்பி நின்று, பொத்தான்களுக்கு மேலே இருக்கும் தகட்டை இரண்டு விரலால் தட்டிக்கொடுப்பார். "நல்லா உழைச்ச லா," என்று இந்த ஊர் வழக்கில் ஒரு 'லா' போட்டு முடிப்பார். கூட வந்தவர்கள் இவர் யாரிடம் பேசுகிறார் என்று சுற்றுமுற்றும் பார்ப்பார்கள். நான் பார்க்கமாட்டேன். அடுத்த வீட்டுக்காரியான எனக்கு அதெல்லாம் பழகிப்போயிருந்தது.

அக்காவுக்கென்று ஒரு பெயர் இருந்தது. ஆனால் சிராங்கூனில் எங்கள் மாடி முழுக்க, எதிர்ச்சாரியில் இருந்த சீனக் குடும்பம் உட்பட, "அக்கா" என்றே கூப்பிட்டது. இப்போது போய்ப் பெயரைச் சொன்னால் எனக்கே வேறு யாரையோ பற்றிப் பேசுவதுபோல இருக்கும். குள்ளமான உருவம். வெளியே கிளம்பினால் எந்த வெயிலிலும் ஒரு சாம்பல் நிற ஸ்வெட்டர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஒரு மருத்துவமனையில் தொலைபேசி இணைப்புக் கொடுக்கும் வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். நாள் முழுக்க 'தேங்க்யூ ஃபார் காலிங்' என்று சொல்லிச் சொல்லி வந்த வியாதியா இது என்று ஒருநாள் கேட்டேவிட்டேன்.

"அது சம்பளத்துக்குச் சொன்னது லா. இது நானா சொல்றது," என்றார்.

நானா சொல்றது என்றால் கொஞ்சநஞ்சமில்லை. துணி துவைக்கும் இயந்திரம் கடைசிச் சுற்றில் உதறி உதறி நிற்கும்போது, "போதும் போதும், உக்காரு," என்பார். பஸ்ஸை விட்டு இறங்கியதும் அதன் இடுப்பில் ஒரு தட்டு. கம்பி முறிந்த குடையைக் மாடியிலிருந்து குப்பை இறங்கும் குழாயில் போடுமுன் அதை ஒருமுறை விரித்துப் பார்த்து, "நீ எவ்ளோ மழை பாத்துட்ட," என்று சொல்லி மடக்கிப் போடுவார். அந்த நேரங்களில் அவர் முகத்தைப் பார்த்தால் பாதித் தூக்கத்தில் இருப்பவர் மாதிரி இருக்கும். விளையாட்டுக்குச் செய்கிறார் என்று நினைக்க முடியாது.

ஒருதடவை நாங்கள் இருவரும் லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டோம். மேல்மாடிச் சீனக் கிழவர் ஒருவரும் கூட இருந்தார். நான் அவசர மணியை அமுக்கிக்கொண்டு கத்திக்கொண்டிருக்கிறேன். அக்கா சுவரில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு, "ஒண்ணும் இல்ல, ஒண்ணும் இல்ல, களைச்சுப் போச்சா?" என்று அதற்கு ஆறுதல் சொல்லிக்கொண்டிருந்தார். கிழவர் ஏதோ பிரார்த்தனை நடக்கிறது என்று நினைத்தாரோ என்னவோ, தொப்பியைக் கழற்றிவிட்டு அவரும் சுவரில் கையை வைத்தார். எனக்கு வந்த ஆத்திரத்தில் சிரிப்பும் வந்து தொலைத்தது. லிஃப்ட் அசைந்ததும் இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துத் தலையசைத்துக்கொண்டார்கள். என்னை யாரும் பார்க்கவில்லை, மணி அமுக்கியவள் நான்.

அதுதான் எனக்கு அக்காவிடம் இருந்த மனத்தாங்கல். பொருளுக்கு இவ்வளவு நன்றி சொல்பவர், மனுஷருக்கு வாயைத் திறக்கமாட்டார். அரிசி மூட்டையைத் தூக்கிக்கொண்டு வந்து அவர் அடுப்படி வரை வைத்திருக்கிறேன். பல் பிடுங்கப் போன இடத்தில் அரை நாள் காத்துக்கிடந்திருக்கிறேன். ஒரு வார்த்தை கிடையாது. சாயங்காலம் ஒரு கிண்ணம் பாயசம் வரும், அவ்வளவுதான். தேக்கா மார்க்கெட்டில் தேங்காய் துருவும் கடைக்காரரும் இதையே ஒருநாள் கேட்டார். அக்கா தேங்காய்ப்பூவை வாங்கிக்கொண்டு வழக்கம்போல இயந்திரத்தைத் தட்டிக்கொடுத்திருக்கிறார்.

"அக்கா, துருவுனது நானு. அதுக்குப் போயி சொல்றீங்க?"

"ஒனக்கு வாய் இருக்கு, வேணும்னா கேட்டு வாங்கிக்குவ. அதுக்கு யாரு இருக்கா?"

எனக்கு அந்தப் பதில் அன்றைக்கு அழகாகத்தான் இருந்தது. வாய் இருந்தும் கேட்காதவர்கள் இருப்பார்களே என்று பஸ்ஸில் வரும்போதுதான் தோன்றியது. நான் விஜயாக்காவை நினைத்துக்கொண்டேன்.

விஜயாக்கா யார் என்று சொல்லவேண்டும். அக்காவின் தம்பி மனைவி. அந்த மூலை வீட்டில் தம்பி, விஜயாக்கா, அக்கா மூன்று பேரும்தான் இருந்தார்கள். புருஷனின் அக்கா என்பதால் விஜயாக்கா இவரை "அண்ணி" என்று கூப்பிடுவார். சிராங்கூன் சாலைத் துணிக்கடை ஒன்றில் நாள் முழுக்க நின்று வேலை செய்துவிட்டு, வீட்டுக்கு வந்து மூன்று பேருக்கும் சமைத்துப்போட்டவர் அவர். கடைச் சம்பளத்தில் அவருக்காக அவர் வாங்கிக்கொண்டது ஒன்றே ஒன்று: ஒரு பெரிய காஸ் அடுப்பு. மேலே நான்கு பர்னர், கீழே கேக் சுடும் ஓவன். தீபாவளி நெருங்கினால் அந்த ஓவனில் விஜயாக்கா சூஜி கேக் சுடுவார். ரவையை வறுத்து, வெண்ணெயிலும் நெய்யிலும் ஒரு ராத்திரி ஊறப்போட்டு, பாதாம் பொடியும் முட்டையும் சேர்த்துச் சுடுவது. அந்த வாசனை காரிடார் முழுக்க நடக்கும். நான் அலுவலகத்துக்குப் போகும்போது மூலை வீட்டுப் பக்கமாகச் சுற்றிக்கொண்டுதான் லிஃப்டுக்குப் போவேன்.

பிறகு தம்பி திடீரென்று இறந்துபோனார். அந்த வருட ஆயுத பூஜையன்றுதான் எல்லாம் கெட்டது.

ஆயுத பூஜை என்றால் அக்காவுக்குத் திருவிழா. மற்ற நாளில் வாயால் சொல்லும் நன்றியை அன்றைக்குக் கையால் சொல்வார். சிராங்கூன் சாலையில் பூவும் சந்தனமும் வாங்கிவந்து, வீட்டில் உழைக்கும் எல்லாவற்றுக்கும் சந்தனம் தொட்டு, மேலே குங்குமம் வைப்பார். மின்விசிறி சுவிட்ச், ஃபிரிட்ஜ், மிக்ஸி, கைபேசி சார்ஜர் வரைக்கும் உண்டு. ஒரு வருடம் என் லேப்டாப்பைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனார். மேல் விளிம்பின் நட்டநடுவில், கேமரா மேலேயே ஒரு பொட்டு. மறுநாள் ஆபீஸ் மீட்டிங்கில் நான் மஞ்சள் மூட்டத்துக்குள் இருந்து பேசினேன். மேனேஜர் உடம்பு சரியில்லையா என்று கேட்டார். இதை அப்போதே மனதில் வைத்திருந்தால் பின்னால் எனக்குக் கொஞ்சம் கௌரவமாவது மிஞ்சியிருக்கும்.

தம்பி இறந்த வருடம் நான் சுண்டலுக்காக அங்கே போயிருந்தேன். அக்கா கிண்ணத்தோடு வீட்டைச் சுற்றி வந்தார். காஸ் அடுப்புக்கு வெளிக்கதவில் வைத்தார். என் நெற்றியில் வைத்தார். எனக்குப் பக்கத்தில் விஜயாக்கா நின்றுகொண்டிருந்தார், கை ஈரத்தைப் புடவையில் துடைத்தபடி. அக்காவின் விரல் அந்தப் பக்கம் நகர்ந்தது. நடுவில் நின்றது. பிறகு விஜயாக்காவைத் தாண்டிப்போய், அவருக்குப் பின்னால் மேடை மேல் இருந்த பிரஷர் குக்கருக்குப் பொட்டு வைத்தது.

"குக்கருக்கு," என்றார் விஜயாக்கா. எனக்குச் சுண்டலை இலையில் கட்டிக் கொடுத்தார். அந்த வாரமே தஞ்சோங் பகாரில் இருந்த தன் தங்கை வீட்டுக்குப் போய்விட்டார். அடுப்பைக்கூட எடுத்துக்கொள்ளவில்லை.

எனக்கு அக்கா மேல் அப்படி ஒரு கோபம். பஸ் நிறுத்தத்தில் வைத்துக் கேட்டேன், ஏன் அப்படிச் செய்தீர்கள் என்று.

"வைக்கத்தான் லா போனேன். புருஷன் போனவளுக்கு வைக்கக் கூடாதுன்னு சொல்லுவாங்களே, யாராச்சும் ஏதாச்சும் சொல்லிடுவாங்களோன்னு… கை அதுவா அந்தாண்ட போயிடுச்சு."

"யாரு இருந்தா அங்க? நான் ஒருத்திதானே இருந்தேன்!"

அக்கா ஸ்வெட்டர் கையை இழுத்து விட்டுக்கொண்டார். "ஆமா," என்றார். பஸ் வந்தது. ஏறினோம், இறங்கினோம், பஸ்ஸைத் தட்டிக்கொடுத்தார். போய் விஜயாக்காவிடம் இரண்டு வார்த்தை சொல்லுங்கள் என்றால் சொல்லத் தெரியவில்லை. சொல்லமாட்டேன் என்று பிடிவாதமும் இல்லை. நிஜமாகவே வரவில்லை.

அதற்குப் பதிலாக அந்தத் தீபாவளிக்கு ஒரு கேக் சுட்டார். விஜயாக்காவின் அடுப்பில், விஜயாக்கா செய்வதைப் பார்த்துப் பார்த்து மனதில் நின்ற அளவில். ஒரு நீல பிஸ்கட் டின்னில் போட்டு என் கையில் கொடுத்தார். என் ஆபீஸ் தஞ்சோங் பகாரில். "போற வழிதானே லா," என்றார். வழி இல்லை, ஸ்டேஷனுக்கு எதிர்ப்பக்கம் நன்றாக நடக்கவேண்டும். ஆனாலும் கொண்டுபோனேன். விஜயாக்கா கதவைத் திறந்து டின்னைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், வாங்கிக்கொண்டார். சில நாள் கழித்து அதே டின்னில் முறுக்கு திரும்பி வந்தது. கூடவே எனக்கு மட்டும் ஒரு வாக்கியம்: "ரவை வறுபடல."

நான் அக்காவிடம் வந்து, "ரொம்ப நல்லா இருந்துச்சாம்," என்றேன்.

"பொய் சொல்லாத லா. அவ அப்படிச் சொல்லமாட்டா. என்ன சொன்னா?"

சொன்னேன். அடுத்த வருடம் ரவை வறுபட்டிருந்தது. "நெய் வாசன பத்தல," என்றார் விஜயாக்கா. அதற்கடுத்த வருடம் நெய் கூடியது. இப்படியே போயிற்று. இரண்டு பேரும் ஃபோனில் பேசிக்கொண்டதில்லை. கோயிலில் எதிரெதிரே வந்தால் ஆளுக்கொரு தூணைப் பார்ப்பார்கள். வருடத்துக்கு ஒருமுறை அந்த நீல டின் போகும், வரும். அவர்களுக்கு இடையில் மிச்சம் இருந்தது அந்த டின் ஒன்றுதான். ஒரு வருடம் அது போகாவிட்டால் விஜயாக்கா என்ன நினைப்பார் என்று எனக்கும் தெரியும், அக்காவுக்கும் தெரியும்.

இப்போது அக்கா இல்லை. லிஃப்டையும் புதிதாக மாற்றிவிட்டார்கள். கண்ணாடி வைத்த லிஃப்ட், மாடி எண்ணைப் பெண் குரலில் சொல்கிறது. அதைக் கேட்டிருந்தால் அக்கா பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பார் என்று நினைத்துக்கொள்வேன். மூலை வீட்டு ஜன்னலுக்கு நேராகச் சாயங்கால வெயில் விழும்போது, நெய் வாசனை வருவது மாதிரி ஒரு நொடி இருக்கும். நின்று மூக்கை இழுத்தால் ஒன்றும் இருக்காது. ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை மட்டும் எனக்கு முழுசாக ஞாபகம் இருக்கிறது, ஒரு நீளமான மழைக்குள் நடந்ததுபோல.

தீபாவளிக்கு முந்தின ஞாயிறு. காலையிலிருந்தே மழை. எதிர் புளோக்கே தெரியவில்லை. மத்தியானம் சாப்பிட்டுவிட்டு அரைத் தூக்கத்தில் கிடந்தேன். என் கதவு தட்டப்பட்டது. அக்கா நின்றுகொண்டிருந்தார், மாவு ஒட்டிய கரண்டியோடு.

"அது சூடேறல லா."

"எது?"

"அவ அடுப்பு."

போய்ப் பார்த்தேன். நடந்தது இதுதான். ஓவனைப் பற்றவைத்துச் சூடேறட்டும் என்று கதவை மூடிவிட்டு, அக்கா முட்டையை அடித்து மாவில் கலந்துவிட்டார். கேக் தட்டை உள்ளே வைக்கத் திறந்தால், உள்ளே அலமாரி மாதிரி சில்லென்று இருக்கிறது. முட்டை கலந்த மாவு காத்திருக்காது, அமுங்கிவிடும்.

"மேல எரியுதா?" என்று மேல் பர்னர்களைத் திருகினேன். எல்லாம் நீலமாக நன்றாக எரிந்தன. அப்படியென்றால் காஸ் வருகிறது. அணைத்துவிட்டு ஓவனின் குமிழை அழுத்திப் பிடித்துப் பற்றவைத்தேன். உள்ளே 'புஃப்' என்று தீ ஓடியது. "இதோ எரியுதே!" என்று கையை எடுத்தேன். அணைந்துவிட்டது. மறுபடி அழுத்தினேன், எரிந்தது. எடுத்தேன், அணைந்தது.

அக்கா கீழே உட்கார்ந்து ஓவன் கதவைத் தடவிக்கொடுத்தார். "என்ன லா கோவம்? யாரு மேல?"

"அக்கா, கொஞ்சம் சும்மா இருங்க!" என்று எரிந்து விழுந்தேன். எனக்குப் பதற்றம். கைபேசியில் வீடியோ தேடினால், ஒரு வெள்ளைக்காரர் ஒரு கம்பி சிவப்பாக ஒளிரவேண்டும் என்கிறார். எங்கள் அடுப்பில் அப்படி ஒரு கம்பியே இல்லை. பழுதுபார்க்கும் கடை ஒன்று ஃபோனை எடுக்கவே இல்லை. இன்னொரு கடைக்காரர் மாடலைக் கேட்டுச் சிரித்தார். "தீபாவளி முடியட்டும் லா, வந்து பாக்குறேன். ஆனா புதுசு வாங்குறதுதான் நல்லது," என்றார்.

"என் ஓவன்ல வச்சிடுவோமா?" என்றேன். என்னுடையது மேசை மேல் வைக்கும் குட்டி கரண்ட் ஓவன். கேக் தட்டு உள்ளே போகாது என்று எனக்கே தெரியும்.

"அது அவ அடுப்புல வெந்துதான் இத்தன வருஷமா போகுது. மாத்துனா தெரிஞ்சிடும்," என்றார் அக்கா. பிறகு குரல் இறங்கிவிட்டது. "இந்த வருஷம் போகலன்னா, வேணாம்னு முடிவு பண்ணிட்டேன்னு நெனச்சிடுவா லா."

அக்கா அழுது நான் பார்த்ததில்லை. அன்றைக்கும் அழவில்லை. ஆனால் தரையில் அப்படியே உட்கார்ந்து மழையைப் பார்த்துக்கொண்டிருந்த அந்த உருவத்தைப் பார்த்ததும் எனக்குக் கோபமெல்லாம் போய்விட்டது. பாவமாக இருந்தது. அந்த அடுப்பைத் தெரிந்த ஆள் உலகத்திலேயே ஒருவர்தான் இருந்தார்.

"விஜயாக்காகிட்ட கேக்கட்டுமா?"

அக்கா கரண்டியில் காய்ந்த மாவைச் சுரண்டினார். "நீ கேளு. நான் கேக்கல."

ஸ்பீக்கரில் போட்டு ஃபோனை மேடை மேல் வைத்தேன். விஷயத்தைச் சொன்னேன். அந்தப் பக்கமும் மழைச் சத்தம் கேட்டது.

"முட்ட சேத்தாச்சா?" என்றார் விஜயாக்கா.

நான் அக்காவைப் பார்த்தேன். அக்கா ஃபோனைப் பார்க்காமல், "ஆச்சுன்னு சொல்லு," என்றார்.

"ஆச்சாம்."

"ஏன் அவசரம்னு கேளு. அடுப்பு சூடானதுக்கு அப்புறம்தான் முட்டைய தொடணும்."

"சூடாயிடுச்சுன்னு நெனச்சேன்னு சொல்லு."

இரண்டு பேர் குரலும் இரண்டு பேருக்கும் நன்றாகக் கேட்கிறது. நடுவில் நான் ஒருத்தி, தபால்காரி மாதிரி. சிரிக்கலாமா கூடாதா என்று தெரியவில்லை.

"சரி, குமிழ அமுக்கிப் புடிச்சா எரியுது, விட்டா அணையுது. அப்படித்தானே?" என்றார் விஜயாக்கா. "மெயின் காஸ மூடிடு. கீழ படுத்து டார்ச் அடிச்சுப் பாரு. தீ வர்ற எடத்துக்கு நேரா பென்சில் மொன மாதிரி ஒரு குச்சி நீட்டிக்கிட்டு இருக்கும். அந்தக் குச்சிக்குச் சூடு ஏறுனாத்தான் காஸ் நிக்காம வரும். இல்லன்னா தீ இல்லன்னு நெனச்சிக்கிட்டு அதுவா அடைச்சிடும். ஒரு தடவ நெய் வழிஞ்சு அப்படித்தான் ஆச்சு. பாரு, மேல ஏதாச்சும் படிஞ்சிருக்கா?"

காஸை மூடிவிட்டுத் தரையில் குப்புறப் படுத்துக் கைபேசி வெளிச்சத்தை அடித்தேன். குச்சி தெரிந்தது. "ஆமாக்கா, ஏதோ ஒட்டியிருக்கு. மஞ்சளா… நுனியில கருகி இருக்கு. நடுவுல கொஞ்சம் செவப்பு."

"மஞ்சளா?"

"மஞ்சள்தான்."

பிறகு விஜயாக்கா ரொம்ப மெதுவாகக் கேட்டார். "ஆயுத பூஜைக்கு அடுப்புக்குள்ள பொட்டு வச்சாங்களான்னு கேளு."

நான் கேட்கவில்லை. தரையில் படுத்தபடி தலையைத் திருப்பி அக்காவைப் பார்த்தேன். அக்கா ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். உலகத்தில் எந்த மெக்கானிக்காவது இப்படி ஒரு கேள்வி கேட்பாரா! லேப்டாப் கேமராவில் பொட்டு வாங்கிய எனக்கே தோன்றவில்லை.

"வருஷா வருஷம் வெளிக்கதவுலதானே வைப்பீங்க," என்றது ஃபோன். விஜயாக்கா இப்போது என்னிடம் பேசவில்லை. "இந்த வருஷம் எதுக்கு அண்ணி உள்ள வச்சீங்க?"

அக்கா எழுந்து வந்து ஃபோனுக்குப் பக்கத்தில் நின்றார். அதைத் தொடவில்லை.

"தொடைக்கும்போதுதான் பாத்தேன் லா," என்றார். "அதுதான் நெருப்புக்குப் பக்கத்துலயே நிக்குது. அது நின்னாத்தான் எல்லாம் வேகுது. வெளிய கதவுக்கு வச்சிட்டு, உள்ள நின்னு வேகுறதுக்கு ஒண்ணும் வைக்காம இத்தன வருஷம் விட்டுட்டேனேன்னு இருந்துச்சு. அதான் வச்சேன்."

மழை மட்டும் கேட்டது, இரண்டு வீட்டிலும். நான் தரையிலிருந்து எழவில்லை. எழுந்தால் ஏதோ கலைந்துவிடும்போல இருந்தது.

"குச்சிக்கு வச்சீங்க," என்றார் விஜயாக்கா கடைசியில். பிறகு சட்டென்று பழைய குரல். "சாண்ட் பேப்பர் வச்சு லேசா தேய்க்கச் சொல்லுங்க. அமுக்கக் கூடாது, வளைஞ்சிடும்." ஃபோன் வைக்கப்பட்டது.

ஞாயிற்றுக்கிழமை மழையில் சாண்ட் பேப்பருக்கு எங்கே போவது? என் கைப்பையில் இருந்த நகம் தேய்க்கும் தகட்டால் தேய்த்தேன். காய்ந்த சந்தனமும் குங்குமமும் பொடிப்பொடியாக என் மூக்கின் மேல் உதிர்ந்தன. குச்சி பளிச்சென்று வந்தது. துடைத்தேன், காஸைத் திறந்தேன். அக்காதான் குமிழை அழுத்தினார். தீ ஓடியது. பிடித்துக்கொண்டே இருந்தார். கையை எடுக்கப் பயந்தார்.

"விடுங்கக்கா."

விட்டார். தீ நின்றது. நீலமாக, வரிசையாக, அசையாமல் நின்றது.

வழக்கம்போல ஏதாவது சொல்வார் என்று எதிர்பார்த்தேன். அக்கா அடுப்பிடம் ஒன்றும் சொல்லவில்லை. எழுந்துபோய் முகம் கழுவிக்கொண்டு வந்தார்.

மாவு கொஞ்சம் அமுங்கித்தான் போயிருந்தது. ஆனாலும் வெந்தது. சாயங்காலம் மழை தூறலாகியபோது வீடு முழுக்க நெய்யும் பாதாமும் நிறைந்திருந்தது. நான் நாற்காலியிலேயே கண் அசந்துவிட்டேன். அந்த வாசனைக்குள் தூங்கிய தூக்கம் மாதிரி அப்புறம் எனக்கு வாய்க்கவில்லை. விழித்தபோது கேக் ஆறிக்கொண்டிருந்தது, நீல டின் கழுவித் துடைத்துத் தயாராக இருந்தது. வாசல் கம்பிக்கதவுக்கு வெளியே யாரோ குடையை உதறும் சத்தம் கேட்டது.

விஜயாக்கா. அவுட்ரம் பார்க்கில் ரயில் மாறி, அந்த மழையில் வந்திருக்கிறார். கேட்காமலே ஒரு காரணமும் சொன்னார்.

"குச்சி வளைஞ்சிருக்குமோன்னு பாக்க வந்தேன்."

அக்கா கதவைத் திறந்தார். வா என்றும் சொல்லவில்லை. விறுவிறுவென்று சாமி அலமாரிக்குப் போனார். நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன், ஒரு கையில் சந்தனக் கிண்ணம், ஒரு கையில் குங்குமச் சிமிழ், திரும்பி வருகிறார். அந்த நேரம் பார்த்துக் காரிடாரில் ஆட்கள். மேல்மாடித் தமிழ்க் குடும்பம் ஒன்று, எங்கள் மாடியில் யார் வீட்டுக்கோ வந்துவிட்டு, லிஃப்டுக்காக நின்றுகொண்டு இந்தப் பக்கமே பார்க்கிறது. அக்காவும் அவர்களைப் பார்த்தார். பார்த்துவிட்டு, வாசல்படியைத் தாண்டி வெளியே வந்து, எல்லோருக்கும் நேராக விஜயாக்காவின் நெற்றியில் சந்தனம் வைத்தார். அதன் மேல் குங்குமம் வைத்தார். பொட்டு கோணலாகப் போயிற்று.

"நெறைய உழைச்சிட்ட லா," என்றார். லிஃப்டுக்குச் சொல்லும் அதே குரல். ஆனால் பாதியில் உடைந்துவிட்டது.

விஜயாக்கா கண்ணை இறுக்கி மூடியிருந்தார். மூடிய கண்ணிலிருந்து நீர் வழிந்தது. கண்ணைத் திறக்காமலே, "நேரா வைங்க அண்ணி," என்றார். "குக்கருக்கு மட்டும் நேரா வச்சீங்க."

அக்கா துடைக்கவில்லை. இன்னும் கொஞ்சம் சந்தனம் தொட்டு, இருந்த பொட்டையே சுற்றிப் பெரிதாக்கி, அதற்கு ஏற்றபடி குங்குமத்தையும் பெரிதாக வைத்து நேராக்கினார். மேல்மாடிக் குடும்பம் வந்த லிஃப்டைக் கோட்டைவிட்டது.

நெற்றி நிறைய அந்தப் பொட்டோடும் மடியில் நீல டின்னோடும்தான் விஜயாக்கா அன்றைக்குத் தஞ்சோங் பகாருக்கு ரயில் ஏறினார். நான் அந்த வருடம் எதையும் தூக்கிக்கொண்டு போகவில்லை.